கைக்கு எட்டாத பெட்டி

என் இரும்புச் சாமான் கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை உண்டு. ஒரு புருஷனும் பெண்டாட்டியும் அதை வாடகைக்கு எடுத்து, மொட்டை மாடிகளில் சோலார் போட்டுத் தரும் தொழில் நடத்தினார்கள். பேனல் உட்காரும் இரும்புச் சட்டத்தை அறுத்து, துளை போட்டு, பற்ற வைப்பது அவன் வேலை. வயர் இழுப்பது, பெட்டி வைப்பது, எல்லாம் முடிந்தபின் மீட்டரைப் பிடித்துச் சரி பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை.

தெருவில் அவனுக்குச் 'சட்டம்' என்று பேர். அவளுக்கு 'டெஸ்டர்'. எந்நேரமும் கொண்டையில் ஒரு டெஸ்டரைச் செருகி வைத்திருப்பாள், மற்றவர்கள் ஊசி செருகுகிற மாதிரி. "பேருதான் அவனுக்குச் சட்டம், சட்டம் பேசறதெல்லாம் அந்தம்மாதான்" என்று கடைக்கு வருகிறவர்கள் சிரிப்பார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். இரண்டு பேரும் ஒரே தொழிற்பள்ளியில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அதனால் கல்யாணத்துக்குப் பிறகும் அவள் அவனை நீ, வா, போ என்றுதான் பேசுவாள். அவனுடைய தங்கைதான் போன் எடுப்பது, வேலை நாள் குறிப்பது, வருகிறவர்களுக்கு நாற்காலி போடுவது எல்லாம். அண்ணன் ஒரு பேச்சுப் பேசினால் அண்ணி பக்கம் இரண்டு பேச்சுப் பேசுகிற பெண்.

டெஸ்டருக்குப் பெட்டி விஷயத்தில் ஒரு பிடிவாதம். மேலே பேனல்களிலிருந்து வருகிற கம்பியெல்லாம் ஓரிடத்தில் கூடுகிற பெட்டி ஒன்று உண்டு. பியூஸ், இடி தாங்கி, கரண்டைத் துண்டிக்கிற கைப்பிடி எல்லாம் அதற்குள்தான் இருக்கும். என் கடையில் அந்தப் பெட்டியை வாங்கும்போது அவள் விலையைக் கேட்கமாட்டாள். மூடியை நாலு தடவை திறந்து திறந்து மூடுவாள். போய் மாட்டும்போது சுவரில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு அதற்கு எதிரே போய் நிற்பாள். கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டுவாள். கை கோட்டில் படவேண்டும். படாவிட்டால் கோடு அழியும்.

"நேரா நின்னு திறக்கணும். மூடி முழுசாத் திறக்கணும். திறந்தவங்க பயந்துபோய் ஒரு அடி பின்னால வச்சா, கால் வைக்க இடம் இருக்கணும்" என்பாள். "எதையும் கழட்டாம, எதுமேலயும் ஏறாம, எதுக்கு அடியிலயும் நுழையாம."

வீட்டுக்காரர்களுக்கு இது பிடிக்காது. லட்சணமாகப் போட்ட மாடியில் சாம்பல் நிறப் பெட்டி கண்ணை உறுத்துகிறது என்பார்கள். ஒருத்தர் தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே உள்ள சந்தில் வைக்கச் சொன்னார். "வைக்கலாம் சார். ரிப்பேர்னா பல்லியைத்தான் கூப்பிடணும்" என்றாளாம்.

சட்டத்துக்கு அவ்வளவு கண்டிப்பு கிடையாது. அவன் அழகு பார்க்கிறவன். தான் அடித்த சட்டம் நூல் பிடித்த மாதிரி நிற்பதைத் தெருக்கோடி வரை போய்த் திரும்பிப் பார்க்கிறவன். கேட்டவர் மனம் நோகக் கூடாது என்றும் நினைப்பான். நல்ல குணம்தான். அந்த நல்ல குணம்தான் அன்றைக்கு வினையானது.

அது மழை விடாத ஒரு வாரம். முந்தின நாள் சாயங்காலம் அடித்த காற்றில் ஊர் முழுக்கக் கம்பம் சாய்ந்து, எங்கும் கரண்ட் இல்லை. காலையில் மழை நின்று, கழுவிவிட்ட மாதிரி வெயில் வந்தது. கடைக்கு முன்னால் தேங்கியிருந்த தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தேன். பின்னால் கொட்டகையில் சட்டம் ரம்பத்தால் எதையோ அறுக்கிற சத்தம். தங்கை போனைக் கையில் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள்.

"அண்ணி! குஞ்சு பொரிக்கிற இடத்துலேருந்து அந்தம்மா பேசறாங்க. நேத்துலேருந்து பேட்டரியிலதான் ஓடுதாம். இப்ப வெயில் அடிச்சும் மேலேருந்து ஒரு பொட்டு கரண்ட் வரலையாம். இன்வெர்ட்டர்ல சிவப்பு விளக்கு எரியுதாம்."

டெஸ்டர் போனை வாங்கினாள். "அம்மா, பதறாதீங்க. இன்வெர்ட்டரை அணைச்சுட்டு மறுபடி போட்டுப் பாத்தீங்களா? சரி. மாடிக்குப் போங்க. படிக்கட்டு முடியுற இடத்துல, வலது கைச் சுவத்துல பெட்டி இருக்கும்ல, அதைத் திறக்க வேணாம், வெளியில ஈரமா இருக்கா, கருகின வாசனை வருதான்னு மட்டும்... என்னது? இல்லையா? நல்லாப் பாருங்கம்மா. வலது கைப் பக்கம்."

கொட்டகையில் ரம்பத்தின் சத்தம் நின்றது.

"ஒண்ணுமே இல்லையா? வெறும் சுவரா?"

சட்டம் வெளியே வந்து நின்றான். கையில் ரம்பம் அப்படியே இருந்தது. அவன் முகத்தைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. அவளுக்கும் விளங்கியிருக்க வேண்டும். போனில் மட்டும், "நாங்க கிளம்பிட்டோம்மா" என்றாள்.

அவர்கள் வண்டி பழுதில் கிடந்தது. என் சின்ன லோடு வண்டியை எடுத்தேன். புதுப் பெட்டி ஒன்று, கேபிள் சுருள், ஏணி, ஸ்பானர் பெட்டி, ரப்பர் கையுறை எல்லாம் ஏற்றினோம். முன்னால் மூன்று பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். அவள் நடுவில். பாதித் தூரம் வரை சாய்ந்த மரங்களைச் சுற்றிச் சுற்றி ஓட்டிக்கொண்டிருந்தேன்.

"பெட்டி எங்க இருக்கு?" என்று அவள் கேட்டாள்.

"பின் வரிசைக்கு அடியில."

"எத்தனாவது பேனலுக்கு?"

"நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல. சட்டத்தோட காலுலயே மாட்டியிருக்கேன்." அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நீ அப்ப மணிக்கட்டு உடைஞ்சு கட்டுப் போட்டிருந்த. வீட்டுல இருந்த. அந்தம்மா, முட்டைத் தட்டெல்லாம் கழுவி மாடியிலதான் காய வைக்கணும், சுவரோரம் ஒண்ணும் வேணாம்னு சொன்னாங்க. மழை படாம அடியில இருந்தா நல்லதுதானேன்னு..."

"நான் கேட்டேன். படிக்கட்டுச் சுவர்லதானேன்னு கேட்டேன்."

"கேட்ட."

"ஆமான்னீங்க."

வண்டியே ஒரு கணம் நின்றுவிட்ட மாதிரி இருந்தது. பதினோரு வருஷத்தில் அவள் அவனை 'நீங்க' என்று சொல்லி நான் கேட்டதில்லை. அவனும் கேட்டதில்லை போலிருக்கிறது. சட்டென்று திரும்பிப் பார்த்தான்.

"அந்தத் தாள்ல நான் கையெழுத்துப் போட்டேன். பெட்டி படிக்கட்டுச் சுவர்ல இருக்கு, பார்த்தேன், சரின்னு. போய்ப் பார்க்காம. நீங்க சொன்னீங்கங்கறதுக்காக."

"தப்புதான்."

"அதை அப்புறம் பேசிக்கலாம். ஜெனரேட்டர் இருக்குமா அங்க?"

"இருந்துச்சு. சோலார் போட்டாச்சே, இனி எதுக்குன்னு வித்துட்டாங்க."

"யார் சொல்லி?"

அவன் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அதுவே பதில்.

பொரிப்பகம் ஒரு நீளக் கட்டடம். உள்ளே போனால் வெதுவெதுவென்று, கொஞ்சம் கந்தகமும் கொஞ்சம் இறகுமாக ஒரு வாசனை. அதை நடத்துகிற அம்மாள் என் தோளுக்கு வருவார். அவ்வளவு குள்ளம். தலையில் துணி கட்டி, முழங்கை வரை கையுறை போட்டு, ஓடிக்கொண்டிருந்தார். மூன்று பெண்கள் கூட வேலை பார்த்தார்கள். எல்லா விளக்கும் அணைந்திருந்தது. பெரிய அலமாரி மாதிரி இருந்த இரண்டு பெட்டிகளில் மட்டும் விசிறி சுழன்றது.

"ஆறாயிரம் முட்டை" என்றார் அந்த அம்மாள். "இன்னிக்கு இருபதாவது நாள். ஓட்டைக் கொத்த ஆரம்பிச்சுருச்சு. காதை வச்சுக் கேளுங்க."

கேட்டேன். அலமாரிக்குள்ளிருந்து, மழை விட்டபின் இலைகளிலிருந்து சொட்டுகிற மாதிரி, நூற்றுக்கணக்கில் சின்னச் சின்ன டிக் டிக். நடுவே கீச்சென்று ஒன்று.

"சூடு குறைஞ்சாத் தாங்காதோ?" என்றேன்.

"சூடு இப்ப வேணாங்க. கடைசி மூணு நாள் அதுங்களே சூடு கக்கும். காத்துதான் வேணும். விசிறி நின்னா அது சூட்டுலயே அது மூச்சு முட்டிச் சாகும். கதவைத் திறந்து வச்சா ஈரம் போயிடும், ஓட்டோட ஒட்டிக்கும். ரெண்டுக்கும் நடுவுல நான் நிக்கறேன்."

டெஸ்டர் இதற்குள் இன்வெர்ட்டர் முன்னால் போய் நின்றிருந்தாள். பேட்டரி இருபத்தெட்டுச் சதவீதம் காட்டியது. மேலே இருந்து வருகிற கம்பியைத் துண்டித்து, மீட்டரின் இரண்டு முனைகளையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். உதட்டைக் கடித்தாள்.

"பெட்டிக்குள்ள தண்ணி போயிருக்கு. சட்டத்துலயே கரண்ட் இறங்குது. யாரும் மாடிக்குப் போய்த் தொடலையே?"

"நான் போனேன். தொடலை" என்றார் அந்த அம்மாள்.

"நல்லவேளை. பேட்டரி இன்னும் ஒன்றரை மணி நேரம் தாங்கும். கூடுதலா பத்து நிமிஷம்."

மாடியில் மூன்று வரிசை. வரிசைக்கு எட்டு பேனல். சட்டம் அடித்த சட்டம். சொல்லக் கூடாது, அத்தனை நேர்த்தி. பின் வரிசைக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவே ஒரு முழம்தான் இடைவெளி. குனிந்து பார்த்தால் பேனலுக்கு அடியில் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம். உள்ளே இருட்டில், ஈரத் தரைக்கு மேல், பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து தெரிந்தது. அடியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

சட்டம் சட்டையைக் கழற்றிவிட்டு முழங்கால் போட்டான். "நான் நுழைஞ்சிடறேன். மல்லாந்து படுத்து மூடியைக் கழட்டிட்டா பத்து நிமிஷ வேலை. கருகினதை வெட்டி விட்டுட்டு நேராச் சேத்துடறேன்."

"எழுந்திருங்க."

"நான்தானே வச்சேன். நானே போறேன்."

"எழுந்திருங்கன்னேன். வெயில் அடிக்குது. மேலே இருபத்தி நாலு பேனலும் உயிரோட இருக்கு. இதை அணைக்கற சுவிட்ச் அந்தப் பெட்டிக்குள்ளதான் இருக்கு. ஈரத்துல மல்லாந்து படுத்துக்கிட்டு, தலைக்கு மேல கரண்ட் இறங்கின இரும்பை வச்சுக்கிட்டு... பிடிச்சுக்கிச்சுன்னா உங்களை நான் எதைப் பிடிச்சு இழுக்கறது? காலையா?"

படிக்கட்டில் அந்த அம்மாள் வந்து நின்றார். "பத்து நிமிஷத்துல முடியுங்கறாரே. ஏம்மா தடுக்கறீங்க? கீழ ஆறாயிரம் உசுரு துடிக்குது."

டெஸ்டர் அவர் பக்கம் திரும்பினாள். சத்தம் உயரவில்லை.

"அம்மா, பெட்டியை இங்க ஒளிச்சு வச்சது எங்க தப்பு. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. நீங்க இடத்தைக் கேட்டீங்க, முடியாதுன்னு சொல்லியிருக்கணும். சொல்லலை. ஆனா அந்தத் தப்பைச் சரி பண்ண ஒரு ஆளை அதுக்கு அடியில அனுப்ப மாட்டேன். நாலு பேனலைக் கழட்டி, நின்னுகிட்டு வேலை செய்வோம். ஒன்றரை மணி நேரத்துக்குள்ள முடிக்கப் பாக்கறேன். முடியலைன்னா குஞ்சு போகும். அதையும் இப்பவே சொல்லிடறேன்."

அந்த அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "உங்களுக்கு என்ன வேணும்?" என்றார்.

"தார்ப்பாய். வெயில் ஊடுருவாத மாதிரி. எத்தனை இருந்தாலும். அப்புறம் அதைப் பிடிச்சுக்க ஆளு."

தீவன மூட்டை மூடுகிற கறுப்புத் தார்ப்பாய்கள் வந்தன. ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு அவளும் அவனும் வரிசை வரிசையாகப் பேனல்களின் மேல் விரித்தார்கள். காற்று தூக்கியது. மூன்று பெண்களும் ஓரத்தில் செங்கல் வைத்து, அதுவும் போதாமல் கையுறையோடு முனையைப் பிடித்து நின்றார்கள். ஒருத்தி, "கல்யாணப் பந்தலுக்குக் கூட நான் இப்படி நின்னதில்லை" என்றாள். மற்றவள், "உன் கல்யாணத்துல காத்து எங்க அடிச்சது, பேச்சுதான் அடிச்சது" என்றாள். அந்த இக்கட்டிலும் ஒரு சிரிப்பு வந்தது.

டெஸ்டர் மீட்டரைச் சட்டத்தில் வைத்துப் பார்த்தாள். நம்பர் விறுவிறுவென இறங்கியது. மறுபடி பார்த்தாள். மூன்றாவது தடவையும் பார்த்தாள். "இப்ப தொடலாம்" என்றாள்.

பேனலைப் பிடித்திருந்த போல்ட்டுகளில் துரு ஏறியிருந்தது. முதல் இரண்டு சுற்றிக்கொண்டு வந்தன. மூன்றாவது அசையவில்லை. சட்டம் எண்ணெய் விட்டான், தட்டினான், ஸ்பானரின் மேல் குழாயைச் செருகி முழு உடம்பையும் கொடுத்தான். போல்ட் தலை உருண்டு வழுக்கியது. இப்படியே நாலு போல்ட். கால் மணி நேரம் போயிற்று. மூன்று பேனலை இறக்கியாகிவிட்டது. நடுவில் இருந்த ஒன்று மட்டும் வருவேனா என்றது.

அவன் எழுந்து ரம்பத்தை எடுத்தான். ஒரு நொடி தன் சட்டத்தை, அந்த நேர்க்கோட்டை, ஒரு முனையிலிருந்து மறு முனை வரை பார்த்தான். பிறகு நடுக்காலில் ரம்பத்தை வைத்து அறுக்க ஆரம்பித்தான். நான் மறுபக்கம் ஆடாமல் பிடித்துக்கொண்டேன். வியர்வை அவன் மூக்கு நுனியிலிருந்து இரும்பில் விழுந்து விழுந்து வழிந்தது. வாய்க்குள் ஏதோ முனகினான். தன்னைத்தான் திட்டிக்கொண்டிருந்தான்.

கால் அறுபட்டதும் சட்டத்தின் ஒரு துண்டோடு பேனலைத் தூக்கி வைத்தோம். பெட்டி வெளிச்சத்துக்கு வந்தது.

டெஸ்டர் அதன் முன்னால் நின்று மூடியைத் திறந்தாள். உள்ளே தேங்கியிருந்த கறுப்புத் தண்ணீர் குபுக்கென்று வெளியே பாய்ந்து அவள் காலணியை நனைத்தது. மல்லாந்து படுத்திருந்தால் அது அவன் முகத்தில் பாய்ந்திருக்கும். பியூஸ் தாங்கி உருகி, வறுத்த பருப்பின் நிறத்தில் இருந்தது. கம்பி நுழைகிற ஓட்டையை அவன் மேல் பக்கமாக விட்டிருந்தான். இடம் இல்லாத இடத்தில் வேறு எப்படியும் விட்டிருக்க முடியாது. பேனல்களுக்கு இடையே உள்ள இடுக்கில் ஒழுகிய மழை முழுவதும் நேராக அதற்குள்தான்.

மூடியின் உள்பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. 'பார்த்தது, சரி.' கீழே அவள் கையெழுத்து. கட்டுப் போட்டிருந்த நாட்களில் வீட்டில் உட்கார்ந்து இடது கையால் போட்டு அனுப்பியது. கோணல்மாணலாக இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். அவள் பார்ப்பதை அவன் பார்த்தான். அவள் நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பி அதை உரித்துச் சுருட்டிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். அடித்திருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான் என்று தோன்றியது.

"கீழே போற கேபிள் எந்தப் பக்கமா இறங்குது?" என்றாள்.

"படிக்கட்டுச் சுவரை ஒட்டி."

"அங்கயே வச்சிருந்தா கேபிளாவது மிச்சமாயிருக்கும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கணக்கு அப்படி என்பது மாதிரி சொன்னாள். "அம்மா! இங்க வாங்க. இந்தச் சுவர் முன்னால நில்லுங்க."

"நானா? எதுக்கு?"

"நில்லுங்க. கண்ணை மூடிக்கிட்டுக் கையை நீட்டுங்க. எம்பாம."

அந்த அம்மாள் நீட்டினார். விரல் பட்ட இடத்தில் டெஸ்டர் சாக்பீஸால் கோடு போட்டாள். எங்கள் எல்லாருக்கும் அது நெஞ்சு உயரம்தான்.

"இவ்வளவு கீழயா?" என்றான் சட்டம்.

"இங்க இருக்கிறதுலயே குட்டையான கைக்கு எட்டினா எல்லாக் கைக்கும் எட்டும்."

அந்த அம்மாள் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். "இந்தக் கட்டடம் கட்டறப்ப ஒரு சுவிட்சுக்குக் கூட என் கை எட்டுமான்னு யாரும் கேட்டதில்லை. எல்லாத்துக்கும் ஸ்டூல் வச்சிருக்கேன், ரூமுக்கு ஒண்ணு" என்றார். பிறகு கீழே விசிறிச் சத்தம் நினைவுக்கு வர, இரண்டு இரண்டு படியாக இறங்கி ஓடினார்.

சட்டம் உளியும் சுத்தியலுமாகச் சுவரில் துளை போட்டான். அவள் பெட்டியை மாட்டி, கம்பி ஓட்டைகள் அத்தனையும் கீழ்ப்பக்கம் பார்க்கும்படி வைத்து, ஒவ்வொன்றாக இழுத்து முறுக்கினாள். நான் கேபிளைச் சுருளிலிருந்து விட்டேன். மூன்று வரிசையின் கம்பிகளையும் நீட்டிக் கொண்டுவர வேண்டியிருந்தது. அவள் அவசரப்படவில்லை. ஒவ்வொரு முனையையும் திருகியபின் இழுத்துப் பார்த்தாள். எனக்குத்தான் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கீழேயிருந்து குரல் வந்தது. "விசிறி நின்னுருச்சு!"

மணி பதினொன்று ஐந்து.

"எவ்வளவு நேரம் தாங்குங்க?" என்று நான் கத்தினேன்.

"கேக்கற நேரமா இது! இறங்கி வந்து வீசுங்க!"

ஓடினேன். தார்ப்பாய் பிடித்திருந்த பெண்களில் இருவர் செங்கல்லை நம்பி விட்டுவிட்டு வந்தார்கள். முட்டைத் தட்டை ஆளுக்கொன்றாய் எடுத்துத் திறந்த கதவு வழியாக வீசினோம். அந்த அம்மாள் ஒரு கையால் வீசிக்கொண்டே மறு கையால் ஈரத்துணியைப் பிழிந்து காற்றில் உதறினார். உள்ளே டிக் டிக் சத்தம் அதிகமாகி, பிறகு சில தட்டுகளில் குறைந்தது. குறைந்த தட்டின் பக்கம் அவர் திரும்பவே இல்லை. கேட்கிற பக்கத்துக்கே வீசினார். எனக்குத் தோள்பட்டை கழன்று விழுந்துவிடும் போல இருந்தது. நான் ஒரு மூலையில் நின்றுவிட்டால், "அண்ணே, உங்க மூலைதான் நல்லாக் கொத்துது, விட்டுறாதீங்க" என்று உசுப்பினார்.

மேலே தார்ப்பாய் இழுபடுகிற சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றும் இல்லை. அந்த ஒன்றும் இல்லாத நேரம்தான் நீளம்.

விசிறி ஒரு சுற்று சுற்றித் தயங்கியது. அடுத்த சுற்றில் வேகம் பிடித்தது. அந்த அம்மாள் கையிலிருந்த தட்டைக் கீழே போட்டுவிட்டுக் கதவை மெதுவாக, தூங்குகிற குழந்தையின் அறைக் கதவைச் சாத்துகிற மாதிரி சாத்தினார். சாத்திய கதவில் நெற்றியை வைத்து நின்றார். மணி பதினொன்று முப்பத்தைந்து.

டெஸ்டர் இறங்கி வந்தாள். "எவ்வளவு போச்சு?"

"நாளைக்குத்தான் தெரியும். மேல் தட்டு ரெண்டும் போயிருக்கும். முந்நூறு, நானூறு இருக்கும்." அந்த அம்மாள் கையுறையைக் கழற்றினார். உள்ளங்கை சுருங்கி வெளுத்திருந்தது. "பத்து நிமிஷத்துல அவர் முடிச்சிருந்தா ஒண்ணும் போயிருக்காது."

"முடிச்சிருந்தா" என்றாள் டெஸ்டர்.

"ம்" என்றார் அந்த அம்மாள். கையுறையை உதறிவிட்டு, "அந்தத் தண்ணி கொட்டினதை மேல நின்ன பொண்ணு சொன்னா" என்றார். "டீ போடறேன். குடிச்சுட்டுப் போங்க. போன குஞ்சைப் பத்தி உங்க வீட்டுக்காரர்கிட்ட நான் தனியாப் பேசுவேன். சும்மா விடமாட்டேன்."

"விடாதீங்க" என்றாள் அவள்.

அறுத்த சட்டத்துக்கு மறுநாள் புதுக்கால் வைக்க வருவதாகச் சொல்லி, அதுவரை கயிறு கட்டி நிறுத்தி, இறக்கிய நாலு பேனலையும் சுவரோரம் சாய்த்து வைத்தான் சட்டம். டீயும் ரொட்டியும் வந்தன. அவன் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த அம்மாள் எதிரே நின்று, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான். பெட்டியை அங்கே வைத்ததை, பெண்டாட்டியிடம் பொய் சொன்னதை, ஜெனரேட்டரை விற்கச் சொன்னதை. அவர் கேட்டுக்கொண்டார். டீ ஆறிப் போயிற்று.

திரும்பும்போதும் மூன்று பேரும் அதே வரிசையில்தான் உட்கார்ந்தோம். வெயில் நன்றாக ஏறியிருந்தது. ரோட்டில் மரம் அறுக்கிறவர்கள் கை காட்டி நிறுத்தினார்கள். வண்டியை ஓரம் கட்டினேன்.

"என்னை ஏதாவது திட்டு" என்றான் சட்டம்.

அவள் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இது ஒண்ணுதானா?"

அவன் மரம் அறுக்கிறவர்களைப் பார்த்தான்.

"நான் வராத வேலை இன்னும் இருக்கு. எனக்கும் கணக்குத் தெரியும். கேக்கறேன். இது ஒண்ணுதானா?"

"இன்னும் மூணு" என்றான். "ரெண்டு, பேனலுக்கு அடியில. ஒண்ணு, ரெண்டாம் மாடி ஓரத்துல, கைப்பிடிச் சுவருக்கு வெளிப்பக்கம். ஏணி வச்சுத்தான் எட்டும்."

இரண்டாம் மாடியில் சுவருக்கு வெளியே எவன் ஏணி வைப்பான்?

அவள் போனை எடுத்தாள். "நாத்தனாரே, இந்த வாரம் குறிச்ச புது வேலை எல்லாத்தையும் தள்ளி வை. ஆமா, எல்லாம். காரணம் கேட்டா உள்ளதைச் சொல்லு. பழைய வேலையில தப்பு இருக்கு, திருத்தப் போயிருக்காங்கன்னு சொல்லு. ...சொல்லு, ஒண்ணும் குறைஞ்சுட மாட்டோம்." பிறகு என்னைப் பார்த்தாள். "அண்ணே, உங்க கடை?"

"பூட்டித்தானே கிடக்கு. கிடக்கட்டும். பெட்டிதான் ஒண்ணும் மிச்சமில்லையே?"

"போற வழியில உங்க கடையில எடுத்துக்கலாம். மூணு. சாவி உங்ககிட்டதானே இருக்கு."

மரம் அறுக்கிறவர்கள் வழி விட்டார்கள். கடையில் நிறுத்தி மூன்று பெட்டி எடுத்தோம். அவள் வழக்கம் போல மூடிகளைத் திறந்து திறந்து பார்த்தாள். அவன் அவள் பக்கத்தில் நின்று, அவள் கழித்துப் போட்டதை வாங்கி அலமாரியில் திருப்பி வைத்தான்.

முதல் வீடு, சுவருக்கு வெளியே பெட்டி வைத்த வீடுதான். அதையே முதலில் பார்க்கவேண்டும் என்றாள். ஒரு ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் வீடு. அவர் கேட்டைத் திறந்து எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"வாங்க வாங்க! என்ன விசேஷம்? எல்லாம் ஜோரா ஓடுதே. நேத்து ஊரே இருட்டு, எங்க வீட்ல மட்டும் விளக்கு. தெருவே உங்களைத்தான் விசாரிக்குது."

டெஸ்டர் பேச வாயெடுத்தாள். அதற்குள் சட்டம் ஒரு அடி முன்னால் வந்துவிட்டான்.

"ஓடுதுங்க. ஆனா நான் ஒரு பெட்டியைத் தப்பான இடத்துல வச்சுட்டேன். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா அதைத் தொடப்போறவன் கீழ விழுவான். இவங்களுக்குத் தெரியாம நான் வச்சது. எடுத்து மாத்த வந்திருக்கோம். உங்களுக்கு ஒரு செலவும் இல்ல. அரை நாள் கரண்ட் இருக்காது, அவ்வளவுதான்."

ரயில்வேக்காரர் அவனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "விழற மாதிரியா வச்சிருக்க? நான் போன வாரம்தானே அதை எட்டித் துடைச்சேன்!"

சட்டத்தின் முகம் வெளுத்துப் போயிற்று. அவர் வழி விட்டார். அவன் வண்டியின் பின்னால் போய் ஏணியின் ஒரு முனையைத் தூக்கினான். மறுமுனையைத் தூக்க நான் போனேன். அதற்குள் அவள் வந்து பிடித்திருந்தாள்.

"பாத்து வா" என்றாள். "படி நனைஞ்சிருக்கு."